உங்கள் வீட்டில் எத்தனை இதயங்கள்?

உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், "அவர், நான், ரெண்டு குழந்தைங்க, மாமியார்" என்று உடனே விரல் மடக்கிச் சொல்லிவிடுவீர்கள். யாருக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது, யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யார் மழையில் நனைந்தால் மறுநாள் தும்முவார்கள் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஐந்து பேருக்குள்ளும் இரவு பகல் ஓயாமல் உழைக்கும் ஐந்து இதயங்களைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

"அதெல்லாம் டாக்டருக்குத் தெரிஞ்சாப் போதாதா?" என்கிறீர்களா? போதாது, சகோதரிகளே! டாக்டர் நம் வீட்டு மனிதர்களை வருஷத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பார்க்கிறார். நாம் தினமும் பார்க்கிறோம். இதயத்தில் ஏதாவது கோளாறு என்றால், அது முதலில் தெரிவது நம் கண்ணுக்குத்தான். அதுவும் பெரிய மருத்துவப் பெயரோடு வராது. "பால் குடிக்கிறப்போ வேர்க்குது", "முட்டி வலிக்குதும்மா", "மாடி ஏறினா மூச்சு வாங்குது", "ஒண்ணுமில்லே, வாயுதான்" என்று சாதாரண வீட்டுப் பேச்சாக வரும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளத் தெரிந்தால் ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.

நான் டாக்டர் அல்ல, உங்களைப் போல ஒரு குடும்பத் தலைவிதான். ஆனால் என் தங்கை, பெரியம்மா, மாமியார் என்று மூன்று பேருடைய இதயம் எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருந்து, பொறுமையான டாக்டர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாலு அறை வீடு

உங்கள் கையை இறுக மூடுங்கள். ஏறக்குறைய அந்த முஷ்டி அளவுதான் உங்கள் இதயம். பெண்களுக்குச் சுமார் 250 கிராம், ஆண்களுக்குச் சுமார் 300 கிராம் எடை இருக்கும். மார்பின் இடது பக்கம் இருப்பதாகச் சொல்கிறோமே, உண்மையில் அது நடு மார்பில், நுனி மட்டும் இடப்பக்கம் சாய்ந்தபடி இருக்கிறது.

அதை நாலு அறை கொண்ட ஒரு சின்ன வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலப் பக்க அறைகளையும் இடப் பக்க அறைகளையும் பிரிப்பது ஒரு கெட்டியான சுவர். அந்தச் சுவரில் வாசற்படி கிடையாது. உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் ரத்தம் வலப் பக்கம் நுழைந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பிராணவாயுவை வாங்கிக்கொண்டு, இடப் பக்கம் திரும்பி வருகிறது. இடது கீழறை ஓங்கி ஒரு தள்ளுத் தள்ள, தலை உச்சியிலிருந்து கால் சுண்டுவிரல் வரை போய்ச் சேருகிறது. இவ்வளவு தூரம் தள்ள வேண்டியிருப்பதால் அந்த அறையின் சுவர்தான் எல்லாவற்றிலும் தடிமன்.

இந்த வீட்டில் நாலு கதவுகள் உண்டு. அவற்றுக்குத்தான் வால்வுகள் என்று பெயர். ஒரே பக்கமாகத் திறக்கும் கதவுகள் இவை. போன ரத்தம் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது இவற்றின் வேலை. 'லப்-டப், லப்-டப்' என்று கேட்கிறதே, அது இந்தக் கதவுகள் சாத்தும் சத்தம்தான்!

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் வெளியே போகிறது. ஒரு சின்ன டம்ளரில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 72 துடிப்பு என்றால் 5 லிட்டர். ஒரு மணிக்கு 300 லிட்டர். ஒரு நாளைக்கு 7,200 லிட்டர்! மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியை ஏழு தடவை நிரப்பிவிடலாம். அத்தனையும் புது ரத்தம் இல்லை. உடம்பில் இருக்கும் ஐந்து லிட்டர்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. ஒரு நாளைக்கு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கும் இந்த வேலைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை கூட லீவு இல்லை.

துடிக்கச் சொல்லி உத்தரவு போடுவது யார்? வலது மேலறையில் ஒரு சின்னத் திசுக்கட்டு இருக்கிறது. மின்சாரத்தை அதுவே உண்டாக்கி அனுப்புகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் 1907-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஈ.சி.ஜி. எடுக்கும்போது காகிதத்தில் மேடும் பள்ளமுமாகக் கோடு விழுகிறதே, அது இந்த மின்சாரத்தின் கையெழுத்து.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எல்லா உறுப்புக்கும் பரிமாறும் இதயம், தான் எப்போது சாப்பிடுகிறது? தன் அறைகளுக்குள் ஓடும் ரத்தத்திலிருந்து அது தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று தனியாக இரண்டு குழாய்கள், கொடி போல அதன் மேல் படர்ந்திருக்கின்றன. இடது அறையிலிருந்து புறப்படும் பெருங்குழாயில் முதல் கிளையே இவைதான். மூளைக்கும், கைக்கும், வயிற்றுக்கும் போகும் கிளைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, இதயம் முதல் பந்தியில் தான் உட்கார்ந்துவிட்டுத்தான் ஊருக்குப் பரிமாறுகிறது! இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தொட்டில் இதயம்

கரு உருவாகி மூன்று வாரம் கழிந்ததும் குழந்தையின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. 'நாள் தள்ளிப் போயிருக்கிறதே' என்று அம்மா யோசிக்கிற சமயத்திலேயே உள்ளே வேலை ஆரம்பம்!

வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூச்சு விடும் வேலை இல்லை அல்லவா? அதனால் ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் போக, இதயத்தில் ஒரு சின்னத் திறப்பும், வெளியே ஓர் இணைப்புக் குழாயும் உண்டு. பிறந்து முதல் மூச்சு இழுத்த பிறகு இவை மூடிக்கொள்ள வேண்டும். சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. இன்னும் சில குழந்தைகளுக்கு நடுச்சுவரே முழுசாகக் கட்டப்படாமல் ஓட்டை விழுந்திருக்கும். பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இதயத்தில் ஏதோ ஒரு பிறவிக் குறை இருக்கிறது. அதற்காகக் கலங்க வேண்டாம். சின்ன ஓட்டைகளில் பல, குழந்தை வளர வளரத் தானாகவே மூடிவிடும்.

எங்கள் எதிர்வீட்டு அம்மாளின் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு இரண்டு மாதம். "பால் குடிக்கிறப்போ நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்க்குது. ரெண்டு வாய் குடிச்சா களைச்சுப் போய் விட்டுடறான். மறுபடியும் அழறான்" என்றாள் அந்தப் பெண். "உடம்பு சூடு. ஃபேனைக் கொஞ்சம் வேகமா வை" என்றார் பாட்டி. பெண் கேட்கவில்லை. எடை போட்டுப் பார்த்தாள். மூன்று வாரமாக ஏறவே இல்லை. குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். நடுச்சுவரில் பெரிய ஓட்டை. சரியான நேரத்தில் ஆபரேஷன் ஆயிற்று. இன்று அவன் தெருவில் கிரிக்கெட் ஆடி எங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைக்கிறான்!

பாலூட்டும் தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை இவை: பால் குடிக்கும்போது நெற்றி வேர்ப்பது, நிறுத்தி நிறுத்திக் குடிப்பது, தூங்கும்போதும் வேகமாக மூச்சு வாங்குவது, எடை ஏறாமல் இருப்பது, அடிக்கடி மார்ச்சளி. உதடும் நாக்கும் நகமும் நீலம் பாய்ந்தால் ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது.

நீலம் பாயும் இந்தக் குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் வழியே இல்லாமல் இருந்தது. வழி தேடியவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் இருந்த டாக்டர் ஹெலன் டாசிக். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. அதனால் குழந்தைகளின் மார்பில் கை வைத்து, விரல் நுனியால் இதயத்தின் போக்கைப் படித்தார். அவருடைய யோசனையின் பேரில் 1944-இல் ஆல்ஃபிரட் பிளாலாக் என்ற சர்ஜன் ஒரு பெண் குழந்தைக்கு ஆபரேஷன் செய்தார். டாக்டர் பட்டமே இல்லாத விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர்தான் ஆய்வுக்கூடத்தில் அந்த முறையைப் பழகிப் பார்த்தவர். அவர் பக்கத்தில் நின்று வழி சொல்லச் சொல்ல ஆபரேஷன் நடந்தது.

அந்த ஹெலன் டாசிக்கிடம் படித்தவர்களில் ஒருவர் நம் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-இல் பர்மாவில் பிறந்தவர். 1942-இல் யுத்தம் வந்தபோது குடும்பத்துப் பெண்களோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். பிறகு வெளிநாடுகளில் படித்துத் திரும்பி, 1954-இல் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் இதய நோய்க்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கினார். நாட்டின் முதல் பெண் இதய நிபுணர் அவர். 2020-இல் தம் 103-ஆம் வயதில் காலமானார்.

நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1961-லேயே இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய ஆபரேஷன்களும் அடங்கும். ஆகவே 'பணத்துக்கு எங்கே போவது' என்று பயந்து நாளைக் கடத்தாதீர்கள்.

தாயாகப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. ருபெல்லா என்ற அம்மை கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் வந்தால் குழந்தையின் இதயத்தைப் பாதிக்கும். கர்ப்பத்துக்கு முன்பே அதற்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். நெருங்கிய சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு இந்தக் குறை வருவது சற்று அதிகம். அப்படிப்பட்டவர்கள் ஸ்கேன் எடுக்கும்போது டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது.

தொண்டை வலியும் முட்டி வலியும்

என் தங்கைக்கு அப்போது ஒன்பது வயது. தொண்டை வலி, காய்ச்சல் என்று நாலு நாள் படுத்தாள். கஷாயம் வைத்துக் கொடுத்தார் அம்மா. சரியாயிற்று. இரண்டு வாரம் கழித்து வலது முழங்கால் வீங்கிச் சுட்டது. இரண்டு நாளில் அது வடிந்தது. உடனே இடது கணுக்கால் வீங்கிற்று. அப்புறம் மணிக்கட்டு. "வளர்ற வயசு, அப்படித்தான் கால் நோவும். நல்லெண்ணெய் தேய்ச்சு விடு" என்றார்கள் பக்கத்து வீட்டில்.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "வலி ஒரே இடத்துல இருந்தாப் பரவாயில்லே. இது வீடு மாத்தற மாதிரி மூட்டு மாத்துதே!" என்று சொல்லி, அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினார். பெரியாஸ்பத்திரி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து நெடுநேரம் கேட்டார். "இது மூட்டு வாதக் காய்ச்சல். மூட்டை நக்கிட்டு இதயத்தைக் கடிக்கிற வியாதி" என்றார்.

நடந்தது இதுதான்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் சில குழந்தைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது. அந்தக் கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் படை, ஆளை மாற்றி நம் மூட்டுகளையும் இதயத்தின் வால்வுகளையுமே தாக்கிவிடுகிறது. மூட்டு ஆறிவிடும். வால்வு ஆறும்போது தழும்பு விழுந்து சுருங்கிப்போகும். கதவு சரியாகத் திறக்காது, அல்லது சரியாக மூடாது. 5 வயதிலிருந்து 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே இது அதிகம் வருகிறது. ஒரே அறையில் பல பேர் நெருக்கிப் படுக்கும் வீடுகளில் கிருமி சுலபமாகப் பரவும்.

எல்லாத் தொண்டை வலிக்கும் பயப்பட வேண்டாம். மூக்கு ஒழுகி, இருமலோடு வருவது பெரும்பாலும் சாதாரண ஜலதோஷம்தான். இருமல், சளி இல்லாமல் திடீரென்று காய்ச்சலும், எச்சில் விழுங்க முடியாத வலியும், கழுத்தில் நெறி கட்டியும் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை கொடுத்தால், மூன்றாம் நாள் பிள்ளை ஓடியாடுகிறது என்று நிறுத்திவிடாதீர்கள். சொன்ன நாள் வரை கொடுத்து முடிக்க வேண்டும்.

ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வரக் கூடாது. வந்தால் ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கெடும். அதற்குத்தான் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி. இடுப்பில் போடுவார்கள், வலி உயிர் போகும். எங்கள் வீட்டுக் காலண்டரில் அம்மா சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைப்பார். பொங்கலானாலும் சரி, பரீட்சையானாலும் சரி, அந்த நாள் தப்பாது. "ஏம்மா, எனக்குத்தான் ஒண்ணுமே பண்ணலியே, எதுக்கு ஊசி?" என்று தங்கை அழுவாள். "ஒண்ணும் பண்ணக் கூடாதுன்னுதாண்டி கண்ணு" என்பார் அம்மா. வருஷக்கணக்கில் அப்படிப் போட்டோம். எத்தனை வருஷம் என்பதை ஒவ்வொருவருக்கும் டாக்டர்தான் முடிவு செய்வார். நாமாக நிறுத்தக் கூடாது.

ஒன்பது மாதச் சுமை

தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அம்மா மாப்பிள்ளை வீட்டாரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னார். "மறைச்சுக் கட்டிக்கொடுத்தா, பிரசவத்துல யார் பதில் சொல்றது?" என்பது அவர் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடிவிடுகிறது. நல்ல இதயம் இந்தச் சுமையைச் சிரித்துக்கொண்டே சுமந்துவிடும். சுருங்கிப்போன வால்வு உள்ள இதயம் திணறும். சின்ன வயதில் வந்த மூட்டு வாதக் காய்ச்சல் யாருக்கும் ஞாபகம் இல்லாமல், முதல் கர்ப்பத்தில்தான் வால்வு நோய் வெளியே தெரிகிற பெண்கள் நிறையப் பேர்.

கர்ப்பிணிக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குவது இயல்புதான். ஆனால் மல்லாந்து படுக்க முடியாமல் இரண்டு மூன்று தலையணை கேட்பது, நடு ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்காருவது, நெஞ்சு படபடப்பு, ரத்தம் கலந்த சளி, இவை 'மாசமா இருந்தா அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. பிரசவம் ஆகி ஐந்து மாதம் வரை கூட இந்தக் கவனம் வேண்டும். சில தாய்மார்களுக்குக் கடைசி மாதத்திலோ, பிள்ளை பெற்ற பிறகோ இதயத் தசை பலவீனமாகிவிடுவது உண்டு. காலில் வீக்கம், மூச்சுத் திணறல், அசாத்தியக் களைப்பு என்று அது தெரியும். 'பச்சை உடம்பு, தூக்கமில்லை' என்று மூடி மறைத்துவிடாதீர்கள்.

சுருங்கிய வால்வை விரிக்க இப்போது மார்பைக் கிழிக்க வேண்டியதில்லை. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியே ஒரு சின்ன பலூனைச் செலுத்தி, வால்வுக்குள் ஊதி விரிக்கிறார்கள். 1980-களில் ஜப்பானிய டாக்டர் கான்ஜி இனோவே கண்ட முறை இது. அவசியம் நேர்ந்தால் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறார்கள். என் தங்கைக்கு அதற்குத் தேவை ஏற்படவில்லை. சிவப்பு வட்டங்கள் அவள் வால்வைக் காப்பாற்றிவிட்டன. இதய டாக்டரும் லேடி டாக்டரும் சேர்ந்து கவனிக்க, இரண்டு குழந்தைகளை நல்லபடியாகப் பெற்றாள்.

ஸ்டெதாஸ்கோப் பிறந்ததே ஒரு பெண்ணால்தான், தெரியுமா? 1816-இல் பாரிஸில் லேன்னெக் என்ற டாக்டரிடம் ஓர் இளம்பெண் வந்தாள். அவள் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத் துடிப்பு முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! எனவே டாக்டர் பரிசோதிக்கும்போது நாமும் கூச்சப்பட்டு ஒதுங்க வேண்டியதில்லை.

"ஒண்ணுமில்லே, வாயுதான்"

என் பெரியம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. சர்க்கரை உண்டு. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் பலகாரம் செய்ய உட்கார்ந்தவர், "என்னவோ தெரியலே, கையைத் தூக்கவே முடியலே. முதுகெல்லாம் பாரமா இருக்கு" என்றாராம். மறுநாள் குமட்டல். "எண்ணெய்ப் புகை ஒத்துக்கலே" என்று இஞ்சிச் சாறு குடித்தார். முறுக்குச் சுற்றி முடித்து, டின்னில் அடுக்கி, மூடியும் போட்டுவிட்டுப் படுத்தார். விடியற்காலையில் உயிர் இல்லை. "வலின்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று பெரியப்பா கடைசி வரை புலம்பினார். சொன்னார். மூன்று நாளும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அது நெஞ்சு வலி என்று யாருக்கும், அவருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் பந்தியில் சாப்பிடும் இரண்டு குழாய்களைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? வருஷக்கணக்கில் அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்துத் தசைக்குச் சாப்பாடு நின்றுபோகிறது. இதுதான் மாரடைப்பு. நேரம் ஆக ஆகத் தசை செத்துக்கொண்டே போகும். செத்த தசை மறுபடி வளராது.

சினிமாவில் ஆண்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதைப் பார்த்துப் பார்த்து, மாரடைப்பு என்றால் அப்படித்தான் என்று நினைத்துவிட்டோம். பெண்களுக்கும் நடு நெஞ்சில் அழுத்தமோ, இறுக்கமோ, எரிச்சலோ வருவதுதான் அதிகம். ஆனால் அதோடு, அல்லது அது இல்லாமலே, மூச்சுத் திணறல், குளிர்ந்த வேர்வை, குமட்டல், தாடை, தோள், முதுகில் வலி, காரணமில்லாத களைப்பு ஆகியவை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகின்றன. சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் வரலாம்.

மாதவிலக்கு நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் நமக்கு ஓரளவு காவல். நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. சர்க்கரை வியாதி இருந்தால் அதற்கு முன்பே போய்விடும். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ வந்து, பிரசவத்தோடு சரியாகிப் போனவர்கள் 'போயிற்று' என்று மறந்துவிடாமல், வருஷம் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் இதய நோய் வர அவர்களுக்கு வாய்ப்பு அதிகம்.

ஆறு வருஷங்களுக்கு முன் ஒரு நாள் காலை, என் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். முகமெல்லாம் வேர்வை. தொட்டால் சில்லென்று இருந்தது. "என்ன அத்தை?" என்றேன். "ஒண்ணுமில்லேம்மா, வாயுதான். தாடையெல்லாம் இழுக்குது. கொஞ்சம் ஓம வாட்டர் குடு" என்றார். எனக்குப் பெரியம்மாவின் முறுக்கு டின் கண் முன்னால் வந்து நின்றது. "ஏங்க, உடனே 108-க்கு ஃபோன் பண்ணுங்க" என்று கத்தினேன். "வாயுக்கா ஆம்புலன்ஸ்? ஊர் சிரிக்கும்மா!" என்று அத்தை கோபித்துக்கொண்டார். "சிரிச்சாச் சிரிக்கட்டும் அத்தை" என்றேன். ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு என்று தெரிந்தது. அடைப்பை நீக்கி உள்ளே ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை வைத்தார்கள். இன்றும் காலையில் பேப்பர் படித்துவிட்டு எனக்குச் செய்தி சொல்கிறார்.

இப்படி ஒரு நேரம் வந்தால் என்ன செய்வது? நோயாளியை நடக்க விடக் கூடாது. மாடிப்படி இறங்கச் சொல்லக் கூடாது. சாய்ந்தாற்போல் உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, 108-ஐக் கூப்பிட வேண்டும். ஈ.சி.ஜி. எடுக்கும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரையை மெல்லச் சொல்வது உண்டு. ஆனால் அது ஒத்துக்கொள்ளாதவர்கள், ரத்தக்கசிவு உள்ளவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஃபோனில் கேட்டுக்கொண்டு கொடுங்கள். தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தும் தொந்தரவு நிற்கவில்லை என்றால், மறுபடியும் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

நினைவு தப்பி, மூச்சும் இல்லாமல் விழுந்துவிட்டால் அது இதயம் நின்றுபோனதன் அடையாளம். ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் நோயாளியைத் தரையில் மல்லாத்தி, நடு மார்பில் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு மார்பு இரண்டு அங்குலம் உள்ளே போக வேண்டும். ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது.

அடுப்படியில் ஆரம்பிக்கலாம்

உப்பில் தொடங்குவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பெரியவர்கள் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது? அடுத்த பாக்கெட் பிரிக்கும்போது காலண்டரில் குறித்துப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் இவற்றின் உப்பும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

பூரி பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து, மறுநாள் வடைக்கும் அதற்கு மறுநாள் அப்பளத்துக்கும் வைக்காதீர்கள். கீரையும், காயும், பயறும் தட்டில் கூடட்டும், சோறு கொஞ்சம் குறையட்டும். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும். 'வீட்டு வேலையே நடைதானே' என்பீர்கள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பதில் இதயத்துக்குத் தேவையான வேகம் கிடைப்பதில்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்கள் இருந்தால், சிகரெட்டைப் போலவே அதுவும் ஆகாது என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

முப்பது வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணும் ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்பளவு என்ற மூன்று எண்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நம் நாட்டுப் பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது. வீட்டில் தையல் டேப் இருக்கிறதல்லவா, இன்றே அளந்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. அவருக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக் கொடுப்போம், குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப் போவோம், மாமியாரை மாதாமாதம் டாக்டரிடம் காட்டுவோம். நம் முறை வரும்போது மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்போம். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிஞ்சியதைச் சாப்பிடுவதையே பெருமையாக நினைத்து வளர்ந்துவிட்டோம். இதயம் அப்படிச் செய்வதில்லை. முதல் பங்கைத் தான் எடுத்துக்கொள்வதால்தான் உடம்பு முழுவதற்கும் அதனால் பரிமாற முடிகிறது. இதில் சுயநலம் எதுவும் இல்லை, இதுதான் அதன் தர்மம்.

ஆகவே, அடுத்த தடவை மாமியாரையோ கணவரையோ பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது, "எனக்கும் ஒரு தடவை பிரஷர் பார்த்துடுங்க டாக்டர்" என்று கையை நீட்டுங்கள். வீட்டில் ஐந்து இதயங்கள் என்றால், அதில் ஒன்று உங்களுடையது!